நில்லு கட்டம்

பேண்டு மாஸ்டர் வியாகுலம் அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னார். சொல்லும்போது அது பொய்யென்றே அவருக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் காகிதத்தோடு வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் எதையும் குறைத்துச் சொல்வது அவர் வீட்டு வழக்கம். எத்தனை ஆடு என்றால் பத்தை நாலு என்பார்கள். எத்தனை அறை என்றால் ஒன்று என்பார்கள், கேட்டவன் இரண்டாவது அறையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாலும். எண்ணிக்கை கேட்டு வந்த எவனும் கொடுக்க வந்ததில்லை, பிடுங்கத்தான் வந்திருக்கிறான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அறுபத்தெட்டு வயதுக்குள் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

செம்பாறைப்பட்டி நகராட்சியில் அப்போது எல்லா வண்டிகளும் தானாக ஓடத் தொடங்கியிருந்தன. டிரைவர் கிடையாது. எந்தத் தெருவில் எந்த நிமிஷம் என்ன போகும் என்று ஒரு மெஷின் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். அதன் கணக்கில் அடங்காமல் நின்றது சாவு ஊர்வலம் மட்டும்தான். எப்போது எடுப்பார்கள், எவ்வளவு நேரம் தெருவை அடைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் ஏதோ ஒரு படித்த மண்டைக்கு யோசனை உதித்தது. கிறிஸ்தவத் தெருக்களில் பிணம் பேண்டு வாத்தியத்துக்குத்தான் நடக்கிறது. பேண்டுக்காரன் சுரம் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் ஊதுகிறான். தாளை மெஷின் படித்துவிட்டால் நேரம் தெரிந்துவிடும்.

இப்படித்தான் ‘சுரக்கண்’ என்ற சாப்ட்வேரைத் தூக்கிக்கொண்டு நித்யகலா வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அதுவே வியாகுலத்துக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"ஐயா, பயப்படாதீங்க. போட்டோ எடுக்கிற மாதிரிதானுங்க. அச்சுல இருக்கிற புள்ளி, கோடு எல்லாத்தையும் படிச்சு, திருத்துற மாதிரி நோட்ஸா மாத்திடும். ஒரு சுரத்தை மேல ஏத்தணும்னா விரலால தள்ளினாப் போதும்."

"தள்ளுறதுக்கு அது என்ன கட்டிலா தாயி? இருக்கிற இடத்துல கெடக்கட்டும்."

பக்கத்தில் சைடு டிரம்மின் தோலை முறுக்கிக்கொண்டிருந்த பெரியநாயகம் சிரித்தார். வியாகுலத்தின் மனைவிக்குத் தம்பி. நாற்பது வருஷமாக ஒரே பேண்டு. "மாமாவுக்குப் பொறாமைம்மா. அவரு பேப்பர எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. நோட்ஸ் மட்டுந்தான் தண்ணி மாதிரி ஓடும். அதையும் மெஷின் படிச்சிருச்சுன்னா?"

"நீ வாயை மூடிட்டுத் தோலை முறுக்கு மாப்ள."

தாளின் மேல் போனைப் பிடித்தாள். மஞ்சளாகிப்போன பழைய அச்சு. பாதிரிமார் அச்சகத்தில் யாரோ எந்தக் காலத்திலோ அடித்தது. மலையடியிலிருந்து கடற்கரை வரை எல்லா சாவுப் பேண்டுக்கும் அந்த ஒரு அச்சுதான். அதற்கு ‘வாசல் மார்ச்’ என்று பெயர். அவள் போனில் சுரங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக முளைத்து வந்தன. அச்சுப் பிசகாமல் இருந்தது. அது வியாகுலத்துக்குப் பிடிக்கவில்லை.

"இங்க ஒரு இடத்தைச் சுத்திப் பென்சில்ல வட்டம் இருக்குதுங்க. மெஷின் அழுக்குன்னு காட்டுது. அழிச்சிடலாங்களா?"

"அது அழுக்கு இல்ல."

"அப்புறம் என்னங்க?"

அந்த வட்டத்துக்குப் பேண்டுக்காரர்கள் வைத்திருந்த பெயர் நில்லு கட்டம். வீட்டு வாசலில் நின்று வாசிக்கிற இடம். ஒரு சுற்று அரை நிமிஷம். அது வாசிக்கிற வரைக்கும் பெட்டி அசையாது, தூக்குகிறவர்கள் தொடமாட்டார்கள். மகன் தெருமுனையில் இறங்கி ஓடி வருகிறான் என்றால் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்டாட்டியின் கை பெட்டியை விட்டு இன்னும் வரவில்லை என்றாலும் சுற்றுவார்கள். போதும் என்று தெரிந்ததும் வியாகுலம் வலது காலை ஓங்கித் தரையில் தட்டுவார். டிரம் மாறும், பெட்டி எழும். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணியதில்லை.

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கில்லாமல் தெருவை அடைக்கிறோம் என்று இவளிடம் சொன்னால் நாளைக்கு வாசலில் நிற்கவே கூடாது என்பார்கள். பழைய புத்தி முந்திக்கொண்டது.

"திருப்பி வாசிக்கிற இடம்."

"எத்தனை தடவைங்க? எண் ஒண்ணு போடணுங்க. எண் இல்லாட்டி பாட்டு எப்ப முடியுதுன்னு அதுக்குத் தெரியாது."

"நாலு. எழுதிக்க."

பெரியநாயகம் இருமினார். அவள் நாலு என்று போட்டாள். பென்சில் வட்டம் மறைந்தது. தாள் புதிதாகப் பிறந்தது போல் வெள்ளையாக இருந்தது.

அந்த நாலு எங்கெல்லாம் போனது என்று வியாகுலத்துக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. எல்லோருக்கும் ஒரே அச்சு என்பதால், முதலில் மெஷினுக்குள் போன தாளே எல்லோருக்கும் மூலமாகிவிட்டது. மற்ற ஊர் பேண்டுகளின் தாளிலும் வட்டம் இருந்தது. அதையெல்லாம் மெஷின் கேட்காமலே அழுக்கென்று துடைத்துவிட்டது. பேண்டுக்காரர் அத்தனை பேர் காதிலும் ஒரு இயர்போன். அதில் டக், டக் என்று தாளம். நாலாவது சுற்று முடிந்ததும் ஒரு பெண் குரல் ‘அடுத்து’ என்று சொல்லும். அடுத்து வாசித்தாக வேண்டும். மீறினால் பேண்டு லைசென்ஸ் போய்விடும்.

ஒரு தச்சன் செத்த வீட்டில் ‘அடுத்து’ வந்தபோது அவன் பெண்டாட்டி பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். இரண்டு பெண்கள் சேர்ந்து அவள் விரல்களை ஒன்று ஒன்றாகப் பிரித்தார்கள். வியாகுலம் யூபோனியத்தை, வயிற்றோடு அணைத்து ஊதும் அந்தப் பெரிய பித்தளைக் குழலை, ஊதிக்கொண்டேதான் அதைப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஏன் மாமா, அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிர வேண்டியதுதான? நாலு இல்ல, வாய் தவறிருச்சுன்னு."

"சொன்னா மட்டும்? வேற ஒரு நம்பர் போடுவா. அவளுக கைக்கு நம்பர் இல்லாட்டி அரிக்கும்."

"அது சரி. நம்பர் குடுத்தது நீங்கதான."

வியாகுலத்துக்கு மச்சினனை அடிக்கலாம் போல் இருந்தது. உண்மையைச் சொன்னவனை அடிக்கத் தோன்றுவது உலக வழக்கம்.

ஜெயசீலனின் சாவு புதன்கிழமை வந்தது. இருபத்து மூன்று வயது. ஒரிசாப் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை. குழாய் சரிந்து விழுந்து செத்து, மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வந்திருந்தான். இனி ஒரு பொழுது கூட வைத்திருக்க முடியாத நிலை. நகராட்சி கொடுத்த நேரம் பதினொன்று பத்து. தவறினால் மறுநாள்தான். அம்மா லில்லிபுஷ்பம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். பத்து மணிக்கு வந்துவிடுவாள் என்றார்கள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது.

அவள் தம்பி போனோடு ஓடி வந்தான். "மாஸ்டரே, அக்கா சுங்கச்சாவடிகிட்ட நிக்குது. பஸ் அங்கயே நின்னுருச்சாம். உள்ள வராதாம்."

"ஏன் வராதாம்?"

"ஊருக்குள்ள சாவு ஊர்வலத்துக்குத் தெருவ பூட்டியிருக்காம்."

வியாகுலத்துக்கு ஒரு நொடி விளங்கவில்லை. "யாரு சாவுக்குடா பூட்டியிருக்கான்?"

"நம்ம சாவுக்குத்தான்."

அவன் நகராட்சி நம்பரை அழுத்தி அவர் காதில் வைத்தான். தேன் தடவின குரல். "உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பதினொன்று பத்து."

"ஏய், பெத்தவ ரோட்டுல நிக்கிறாடி!"

"உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்," என்றது அது மறுபடியும்.

போனைத் திருப்பிக் கொடுத்தார். "அக்காவ நடந்து வரச் சொல்லு."

"ரெண்டு கிலோமீட்டர் மாஸ்டரே. இருபது நிமிஷம் ஆவும்."

"ஓடி வரச் சொல்லு."

கிளாரினெட் வாசிக்கும் அமலதாஸ் வயரிங் வேலை தெரிந்தவன். தெருக் கம்பத்தில் தொங்கும் நகராட்சி மைக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "மாஸ்டர், அந்த மைக்கு நம்ம பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. பாட்டு எந்த இடத்துல நிக்கிதுன்னு பார்த்துத்தான் தெருவைத் திறக்கும், பூட்டும். பதினொன்னு பத்துக்குள்ள ஆரம்பிச்சிட்டா, முடியாம நேரத்த ரத்து பண்ணாது."

"முடிக்கலைன்னா?"

"முடிக்காம யாராச்சும் இருப்பாங்கன்னு அதுக்குத் தெரியாது."

பதினொன்று எட்டுக்கு ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வரி, பிறகு நில்லு கட்டம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ‘அடுத்து’ என்றது காதுக்குள். பழக்கத்தில் டிரம் மாறியது. கிளாரினெட்டுகள் அடுத்த வரிக்கு ஏறின. ஆறு பேர் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

வியாகுலம் இயர்போனைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அவர் மட்டும் பழைய இடத்திலேயே நின்று ஊதினார். அவர் ஒரு பாட்டு, மற்றவர்கள் ஒரு பாட்டு. பன்றி அறுக்கிற இடம் மாதிரி இருந்தது சத்தம். குழலை வாயிலிருந்து எடுத்துக் கத்தினார்.

"டேய்! திரும்புங்கடா! பெத்தவ வர்றா, யாரு வீட்டுக்குடா தூக்கிட்டுப் போறீங்க? மாப்ள, அடிடா பழைய அடி!"

பெரியநாயகம் காதில் கிடந்ததைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அவர் எதையும் எறியமாட்டார். டிரம் திரும்பியது. அமலதாஸ் திரும்பினான். இரண்டு பேர் லைசென்ஸுக்குப் பயந்து வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். தூக்கியவர்கள் பாதி உயரத்தில் விழித்துவிட்டுப் பெட்டியை மறுபடி பெஞ்சில் வைத்தார்கள்.

பத்தாவது சுற்றில் தெருக்கோடியில் ஆளில்லாத வண்டிகள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன. பதினெட்டாவதில் ஒலிபெருக்கி அபராதம் என்றது. இருபத்தைந்தில் வியாகுலத்தின் உதடு வெடித்து வாயில் உப்புக் கரித்தது. மூச்சு வாங்கும்போது அமலதாஸ் தாங்கினான், அவன் வாங்கும்போது இவர். முப்பதில் காக்கி உடுப்பில் ஒருவன் வந்து நிறுத்தச் சொன்னான். ஜெயசீலனின் தாய்மாமன் அவன் காலரைப் பிடித்தான். பெண்கள் நடுவில் புகுந்து விலக்கினார்கள்.

முப்பத்தேழாவது சுற்றில் லில்லிபுஷ்பம் வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் பின்னால் திரும்பிக் கிடந்தது. அவள் அழவில்லை. மகன் முகத்தருகே குனிந்து, மூச்சிரைக்க, "ஏன்டா, தலைய சீவலையா நீ?" என்றாள். விரலாலேயே சீவிவிட்டாள். வகிடு எடுத்தாள். தள்ளி நின்று சரியா என்று பார்த்தாள்.

வியாகுலம் காலைத் தரையில் தட்டினார்.

லைசென்ஸ் போகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போகவில்லை. பத்து நாள் கழித்து நித்யகலா வந்தாள். மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு.

"மன்னிச்சுக்கோங்கய்யா. தப்பு எங்க பக்கந்தான். நீங்க நாலுன்னு சொன்னீங்க, ஆனா வாசிச்சுப் பார்த்தப்போ முப்பத்தேழு வந்திருக்குது. மைக்குல தெளிவாப் பதிவாகியிருக்குதுங்க. மூலத்தைத் திருத்திட்டோம். எல்லா ஊருக்கும் புதுசு போயிடுச்சு."

"எது போயிருச்சு?"

"முப்பத்தேழுங்கய்யா."

பெரியநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். வியாகுலம் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, உனக்கு மண்டையில களிமண்ணா? அன்னிக்கு நாலுன்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன், ஒத்துக்கிறேன். அதுக்காக முப்பத்தேழு நிஜமாயிருமா? அது அந்தப் பொம்பள சுங்கச்சாவடியில இருந்து ஓடி வந்த தூரம். ஊரு பூரா அதே தூரத்துல இருந்தா ஓடி வரப் போறாளுக?"

அவள் போனை எடுத்தாள். "அப்ப எத்தனைன்னு சொல்லுங்க. நான் போடுறேன்."

"எத்தனையும் இல்ல! வர வேண்டிய ஆளு வந்து, பார்த்து, கைய எடுக்கிற வரைக்கும்."

"யார் வரணும்னு மெஷினுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"தெருவுக்குத் தெரியும்."

அவள் போனை விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினாள். கெட்ட பெண் இல்லை. தெருவுக்குத் தெரியும் என்பதை எழுத அதில் இடமில்லை, அவ்வளவுதான். "மேல சொல்றேனுங்கய்யா. அடுத்த திருத்தம் மூணு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் இதுதான் இருக்கும். அன்னிக்கு நடந்ததுக்கு அப்புறம் தெருமுனையில குறுக்குக் கம்பம் போட்டிருக்காங்க. முப்பத்தேழு முடிஞ்சாத்தான் மேல தூக்கும். கூடவும் முடியாது, குறையவும் முடியாதுங்க."

அவள் போன பிறகு வாசலில் அவள் நின்ற இடத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். யாரை நினைத்துத் துப்பினோம் என்று அவருக்கே தெளிவில்லை.

அடுத்த வாரம் தனராசு செத்தான். கல்யாண மண்டபத்தில் முப்பது வருஷம் வாட்ச்மேன். எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பூசாரிக்கிணற்றுச் சந்தில் ஒற்றை அறை. மாதா கோவில் ஆட்களே பெட்டி வாங்கினார்கள். மதியம் இரண்டு மணி, உச்சி வெயில். தெருவில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மரியாதைக்கு வந்த கூட்டம், சீக்கிரம் முடிந்தால் நல்லது என்ற கூட்டம்.

ஆளில்லாதவன் சாவில் பேண்டுக்காரர்கள் நில்லு கட்டத்தை இரண்டு சுற்றுக்கு மேல் வாசிக்கமாட்டார்கள். இரண்டே சுற்று, உடனே காலைத் தட்டிப் பெட்டியை எழுப்பிவிடுவார்கள். அவனுக்கு யாருமில்லை என்பது தெருவுக்கு உறைக்கும் முன்னால் தெருவைத் தாண்டிவிட வேண்டும். அதை வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை.

இரண்டு முடிந்தது. கம்பம் கிடையாகக் கிடந்தது. மூன்று. ஆறு. எட்டாவது சுற்றில் கூட்டம் திரும்பித் தெருமுனையைப் பார்த்தது. லில்லிபுஷ்பம் வந்த கதை ஊர் முழுக்கத் தெரியும். இத்தனை சுற்று வாசித்தால் யாரோ வர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"யாரு வரணும்?" என்றது ஒரு குரல்.

"இவனுக்கு யாருடா இருக்கா வாரதுக்கு?"

"அப்ப எதுக்கு நிக்கிறாங்க?"

பன்னிரண்டு. பதினைந்து. எல்லோரும் தெருமுனையைப் பார்த்தபடியே நின்றார்கள். தெருமுனை வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான். பந்தல் நிழலில் எவனோ சிரித்தான், அடக்கிக்கொண்டுதான் சிரித்தான். பெட்டிக்குள் தனராசு கூட்டமாக வரும் உறவுக்காரர்களை வரவேற்கிற மாதிரி, மண்டபத்து நீலச் சட்டையை மாட்டி மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

வியாகுலத்தின் நெஞ்சு கொதித்தது. மெஷின் மேல் கொதித்தது, நகராட்சி மேல் கொதித்தது, சிரித்தவன் மேல் கொதித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று நித்யகலாவிடம் நாலு என்று சொன்ன தன் நாக்கின் மேல். உயிரோடு இருந்தபோது இவனை ஒருத்தனும் கவனித்ததில்லை. செத்த பிறகு பதினெட்டு நிமிஷம் நிறுத்திவைத்து, பாருங்கடா இவனுக்கு எவனும் இல்லை என்று கொட்டடித்துச் சொல்கிறோம். கொட்டுவது நான்.

இருபதாவது சுற்றில் யூபோனியத்தைக் கழுத்திலிருந்து கழற்றிச் சிமென்ட் மேடையில் வைத்தார். பித்தளை ஓரம் உரசிக் கீச்சிட்டது.

பெரியநாயகம் கையை நிறுத்தாமல் கேட்டார். "மாமா, எங்க?"

"ஒண்ணுக்கு."

"இப்பவா?"

"வயசாயிருச்சுல்ல. நீ நிப்பாட்டாத."

பக்கத்துச் சந்தில் புகுந்தார். பேண்டுக்காரனின் சிவப்புக் கோட்டைக் கழற்றி, ஜரிகையோடு ஒரு கைப்பிடிச் சுவரில் போட்டார். தொப்பியை அதன் மேல் வைத்தார். பனியனும் துண்டுமாகச் சந்தைச் சுற்றிக்கொண்டு, குறுக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், தெருமுனையில் போய் வெளிப்பட்டார். முழங்கால் வலித்தது. எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று ஒரு நொடி யோசித்தார். ஊர் எதுவும் தோன்றவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

"தனராசு... டேய் தம்பி..."

கூட்டம் சட்டென்று திரும்பியது. டிரம் ஒரு அடி தவறி மறுபடி சேர்ந்துகொண்டது. அந்தத் தெருவில் அவரைத் தெரியாதவன் கிடையாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சிவப்புக் கோட்டில் நின்று ஊதிய மனிதரை நாற்பது பேரும் பார்த்தவர்கள்தான். சிரித்தவனுக்கு வாய் மறுபடி கோணியது.

வியாகுலம் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியருகே போய் விழுந்தார். அந்த மனிதனிடம் ஆயுளில் பத்து வார்த்தை பேசியிருப்பாரா என்பதே சந்தேகம். "வந்துட்டேன்டா... பஸ் கெடைக்கலடா..." என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி நீலச் சட்டையின் மேல் முகத்தை வைத்தார். அழுகிற மாதிரி காட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தார். கண்ணீர் வந்தபோது அவருக்கே கோபம் வந்தது. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

சிரித்தவன் முழங்கையால் பக்கத்தில் இடித்தான். "ஏய், இது நம்ம..."

இட்லிக்கடை ரெஜினாமேரி அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். தினமும் காலையில் வியாகுலத்துக்கு மூன்று இட்லி வைக்கிறவள்.

"வழி விடுப்பா," என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "அண்ணன்காரரு. தூரத்துல இருந்து வந்திருக்காரு."